காலராவின் நஞ்சைக் கண்டறிந்தவர்

காலையில் நலமுடன் வேலைக்குச் சென்ற ஒருவரை மறுநாள் விடிவதற்குள் கொன்றுவிடக்கூடிய நோய்கள் சிலவே. காலரா அவற்றுள் ஒன்று. பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, குடலில் புண் இருக்காது, இரத்தம் கசியாது. அரிசி களைந்த கழுநீரைப் போன்ற நீர் மட்டும் உடலைவிட்டு ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். கடுமையாகத் தாக்கப்பட்டவர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட நீரை இழக்கக்கூடும். கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, நாடி ஒடுங்கி, கடைசி வரை நினைவு தப்பாமலேயே உயிர் பிரிவதும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வங்கத்தின் கழிமுகப் பகுதியிலிருந்து புறப்பட்டு உலகைப் பலமுறை சுற்றிவந்து, கணக்கிலடங்கா உயிர்களைக் குடித்த நோய் இது.

இதற்குக் காரணமான கிருமியை ஜெர்மனியின் ராபர்ட் கோக் 1884-இல் கொல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். அந்தக் கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். ஆனால், அந்த நஞ்சு எது, அது உடலில் எங்கே செயல்படுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 75 ஆண்டுகள் ஆயின. ஐரோப்பா, அமெரிக்காவின் பேராய்வகங்களால் தர முடியாத அந்த விடையை, அதே கொல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், முயல்களையும் பட்டு நூலையும் எளிய வடிகட்டிகளையும் கொண்டு கண்டறிந்தவர் சம்புநாத் டே.

அவர் கண்டறிந்ததன் பெருமையை உணர, நம் குடலில் அன்றாடம் நடப்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

நாம் பருகும் நீரும், உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர் முதலிய சுரப்புகளுமாக நாள்தோறும் ஏறத்தாழ 8 முதல் 9 லிட்டர் நீர் சிறுகுடலுக்குள் வந்து சேர்கிறது. அதில் கழிவோடு வெளியேறுவது 100 அல்லது 200 மில்லி மட்டுமே. எஞ்சிய அனைத்தையும் குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் உறிஞ்சி இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன அந்தச் சவ்வை உப்பும் சர்க்கரையும் தாமாகத் துளைத்துச் செல்ல இயலாது. அவற்றுக்கென்றே சவ்வில் புரதத்தாலான வாயில்கள் பதிந்துள்ளன. சில வாயில்கள் திறந்து மூடுபவை. சில, ஆற்றலைச் செலவிட்டு உப்பை இறைத்து வெளியேற்றுபவை. சில, இரு பொருள்களை ஒருசேரவே உள்ளே அனுமதிப்பவை. நீருக்கு இத்தகைய கட்டளை எதுவுமில்லை. உப்பு எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கம் அது ஓடும். ஆகவே, உப்பின் வாயிலை ஆள்பவர் நீரையும் ஆள்கிறார். காலரா கிருமி செய்வது இதைத்தான். ஆனால், 1950-களில் இந்த வாயில்களைப் பற்றி எவரும் தெளிவாக அறிந்திருக்கவில்லை.

சம்புநாத், வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற சிற்றூரில் 1915 பிப்ரவரி 1-ஆம் நாள் பிறந்தார். தந்தை சிறு வணிகர். வருவாய் குடும்பத்துக்கே போதாத நிலை. குடும்பத்தில் கல்வி கற்றிருந்த சிறிய தந்தையே அவரது படிப்பில் அக்கறை காட்டினார். உள்ளூர்ப் பள்ளியில் சிறந்த மதிப்பெண் பெற்று, ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியில் பயின்று, உதவித்தொகையுடன் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1939-இல் மருத்துவப் பட்டமும், 1942-இல் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார். சிறிது காலம் மருத்துவத் தொழில் செய்தாலும் அவரது மனம் ஆய்விலேயே இருந்தது. பயின்ற கல்லூரியிலேயே நோய்க்குறியியல் துறையில் செயல்முறை விளக்குநராகச் சேர்ந்தார்.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டு அவர் லண்டன் சென்றார். அங்கே பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில், புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞர் ராய் கேமரூனிடம் ஆய்வு மாணவரானார். நரம்பு மண்டலப் பாதிப்பால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைக் குறித்து இருவரும் ஆராய்ந்தனர். நீர் இருக்கக் கூடாத இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வி அப்போதே அவர் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். 1949-இல் முனைவர் பட்டத்துடன் நாடு திரும்பினார்.

அவர் திரும்பிவந்த கொல்கத்தா, பிரிவினையின் காயம் ஆறாத நகரம். அகதிகளால் நிரம்பிய தெருக்கள், போதாத குடிநீர், ஒழுங்கற்ற கழிவுநீர் ஓடைகள் என்றிருந்த அந்நகரில் காலரா ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளியாக இருந்தது. மருத்துவமனைக் கட்டில்களில் நோயாளிகளும், நோய்க்குறியியல் துறையின் மேசையில் அவர்களது உடல்களும் வந்த வண்ணம் இருந்தன. ஆராய வேண்டிய நோயைத் தேடி அவர் எங்கும் செல்லத் தேவையிருக்கவில்லை.

காலரா குறித்து அந்நாளில் நிலவிய கருத்துகள் பல. கிருமியின் உடல் சிதையும்போது வெளிப்படும் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்குகிறது என்பது ஒன்று. குடலின் உட்தோல் உரிந்துவிடுவதால்தான் நீர் ஒழுகுகிறது என்பது மற்றொன்று. இறந்தவர்களின் குடலில் உட்தோல் உரிந்து காணப்பட்டது உண்மையே. ஆனால், அது இறப்புக்கு முன் நேர்ந்ததா, பின் நேர்ந்ததா என்பதில் தெளிவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரும் இடையூறு இருந்தது. வளர்ந்த விலங்குகளுக்கு இக்கிருமியை உணவில் கலந்து கொடுத்தால் அவற்றுக்குக் காலரா வருவதில்லை. கோக் முதல் பலரும் இங்கேதான் தடுக்கி நின்றனர். கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தோர் உண்டு, விலங்குகள் இறந்தன, ஆனால், அது காலரா அன்று.

சம்புநாத்தின் சிந்தனை நேரானது. நோய் வெளிப்படுவது குடலில். கிருமி வாழ்வதும் குடலில். அப்படியானால் நஞ்சைத் தேட வேண்டிய இடமும் குடலே. மயக்கமூட்டப்பட்ட முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஏறத்தாழ நான்கு அங்குல நீளமுள்ள ஒரு பகுதியின் இரு முனைகளையும் பட்டு நூலால் கட்டினார். அந்தச் சிறு பைக்குள் காலரா கிருமி வளர்ந்த நீர்மத்தைச் சிறிதளவு செலுத்தி, வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்து பார்த்தபோது, கட்டப்பட்ட பகுதி நீரால் விம்மிப் புடைத்திருந்தது. உள்ளே இருந்தது காலரா நோயாளியிடமிருந்து வெளியேறும் அதே கழுநீர் போன்ற நீர்மம். கிருமி செலுத்தப்படாத பகுதியோ வழக்கம்போல ஒட்டிக்கிடந்தது.

தம் இளம் உடனாய்வாளர் டி.என். சாட்டர்ஜியுடன் இணைந்து இந்த முடிவுகளை 1953-இல் அவர் வெளியிட்டார். குடல் கட்டிய முயல் என்னும் இந்த எளிய முறை, பின்னர் உலகெங்கும் வயிற்றுப்போக்கு ஆய்வுகளின் அடிப்படைக் கருவியாயிற்று. 1956-இல் இதே முறையைக் கொண்டு, வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட ஈ.கோலை கிருமியின் சில வகைகளும் முயலின் குடலில் நீரைச் சேர்ப்பதை அவரும் உடனாய்வாளர்களும் காட்டினர். தீங்கற்றதாகப் பரவலாகக் கருதப்பட்ட ஒரு குடல் கிருமி, ஏழை நாடுகளின் குழந்தைகளைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கக்கூடும் என்ற உண்மைக்கு இது முன்னோடி.

எனினும், இறுதிக் கேள்வி எஞ்சியிருந்தது. நீரைச் சேர்ப்பது உயிருள்ள கிருமியா, அது வெளிவிடும் நஞ்சா? கிருமி வளர்ந்த நீர்மத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத தெளிந்த வடிநீரை மட்டும் முயலின் குடலில் அவர் செலுத்தினார். குடல் அப்போதும் விம்மியது. கிருமி தேவையில்லை, அது விட்டுச்சென்ற நஞ்சே போதும். அந்த நஞ்சு கிருமியின் உடலுக்குள் பூட்டப்பட்டிருப்பதன்று, வெளியே சுரக்கப்படுவது. 1959 மே 30-ஆம் நாள் நேச்சர் இதழில் அவர் பெயர் மட்டும் தாங்கி வெளிவந்த அந்தக் கட்டுரை இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிட்டது. கோக் எழுப்பிய கேள்வி, அவர் ஆய்வு செய்த ஊரிலேயே விடை கண்டது.

அதே ஆண்டில் மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் உடனாய்வாளர்களும் குட்டி முயல்களுக்குக் கிருமியின் சிதைவுப் பொருளைக் கொடுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கிக் காட்டினர் என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். காலரா ஆய்வின் திசையை மாற்றிய இரு சான்றுகளும் இந்தியாவிலிருந்தே வந்தன.

அதன்பின் வந்த ஆய்வுகள் மெல்ல மெல்லத் திரையை விலக்கின. 1969-இல் அமெரிக்காவில் அந்த நஞ்சு தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. அது ஒரு புரதம். இரு பகுதிகளைக் கொண்டது. ஐந்து கூறுகளாலான ஒரு பகுதி, குடல் செல்லின் சவ்வில் உள்ள ஒரு குறிப்பிட்ட கொழுப்பு மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. மற்றொரு பகுதி செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ஒரு விசையைப் போட்ட நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகுகிறது. அதன் ஆணைப்படி சவ்வின் குளோரைடு வாயில்கள் திறந்து, மூடாமல் நின்றுவிடுகின்றன. குளோரைடு குடலுக்குள் பாய்கிறது. சோடியம் அதைத் தொடர்கிறது. உப்பைத் தேடி நீர் ஓடுகிறது. குடல் சுவர் உடைவதில்லை, செல்லும் சாவதில்லை. எல்லா உறுப்புகளும் ஒழுங்காகவே இயங்க, ஒரு வாயில் மட்டும் மூட மறுப்பதால் மனிதர் இறக்கிறார்.

குடல் சுவர் சிதைவதில்லை என்ற இந்த உண்மையில்தான் மீட்சியின் வழியும் இருந்தது. 1960-இல் ப்ராக் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன், குடல் செல்லின் சவ்வில் குளுகோஸும் சோடியமும் ஒரே வாயில் வழியாக இணைந்தே உள்ளே செல்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். காலரா நஞ்சு இந்த வாயிலைத் தொடுவதில்லை. ஆகவே, உப்பை மட்டும் கொடுத்தால் உடல் ஏற்காது. உப்போடு அளவான சர்க்கரையைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் கைகோத்து உள்ளே செல்லும். பின்னாலேயே நீரும் செல்லும். ஒரு வாயில் வழியே ஒழுகுவதை மற்றொரு வாயில் வழியே ஈடுசெய்துவிடலாம்.

கொல்கத்தாவின் மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, காரணம் அறியப்படாத 1953-ஆம் ஆண்டிலேயே உப்பும் குளுகோஸும் கலந்த நீரை வாய்வழி அளித்துக் காலரா நோயாளிகளைக் காத்ததாக லான்செட் இதழில் எழுதியிருந்தார். 1968-இல் டாக்காவில் நடந்த ஆய்வு அந்த வழியை முறையாக மெய்ப்பித்தது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லைப்புற நகரமான பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலநோபிஸ் உப்பும் குளுகோஸும் கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு விகிதம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் மருந்தகங்களிலும் அங்கன்வாடிகளிலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல், கோடிக்கணக்கான குழந்தைகளை வாழவைத்திருக்கிறது.

இந்த வரலாற்றின் திருப்புமுனையில் நின்ற சம்புநாத்துக்கு என்ன கிடைத்தது?

1955-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் துறைத் தலைவரான அவர், 1973-இல் ஓய்வு பெறும் வரை அப்பணியிலேயே இருந்தார். வகுப்புகள், தேர்வுகள், பிணக்கூறாய்வுகள், மருத்துவமனைப் பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இடையே கிடைத்த நேரமே ஆய்வுக்கான நேரம். நஞ்சைத் தூய்மைப்படுத்தும் அடுத்த படிக்குத் தேவையான கருவிகள் அவரிடம் இல்லை. வெளிநாடுகளில் காலரா ஆய்வுக்குப் பெரும் பணம் ஒதுக்கப்பட்டு, பெரிய குழுக்கள் களத்தில் இறங்கியபோது, அந்தத் துறைக்கு வாயிலைத் திறந்துவிட்டவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். ஓய்வுக்குப் பின் போஸ் நிறுவனத்தில் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

1978-இல் ஸ்டாக்ஹோமில் காலராவும் அதையொத்த வயிற்றுப்போக்கு நோய்களும் குறித்து நோபல் அறக்கட்டளை நடத்திய கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். தம் அறிவியல் வாழ்வு 1960-களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த அவர், அந்த நாள்கள் தமக்கு மீண்டும் உயிரூட்டியதாக அங்கே மனம் திறந்து பேசினார். நோபல் பரிசு பெற்ற மரபியல் அறிஞர் ஜோஷ்வா லெடர்பெர்க், அப்பரிசுக்கு அவர் பெயரை ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. நோபல் எட்டாக்கனியாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால், இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்டின் பெரிய விருதுகளில் ஒன்றுகூட அவரைத் தேடி வரவில்லை. 1985 ஏப்ரல் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1990-இல் பெங்களூரின் கரண்ட் சயன்ஸ் இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது. காலம் கடந்த வணக்கம் என்றாலும் அதுவே அவரை நாட்டுக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியது. திலீப் மகலநோபிஸுக்கு மறைவுக்குப் பின் 2023-இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. சம்புநாத்துக்கு அந்த அளவுகூட நேரவில்லை.

இதற்கு ஒருவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவர் இயல்பிலேயே ஒதுங்கி வாழ்ந்தவர்; தம்மைத் தாமே முன்னிறுத்திக்கொள்ளும் கலையைக் கற்காதவர். விடுதலை பெற்ற இந்தியா அணுவிலும் விண்வெளியிலும் பெரும் நிறுவனங்களை எழுப்பிக்கொண்டிருந்தது. அது தேவையான பணியே. ஆனால், மாவட்டத் தலைநகரங்களிலும் மாநகரங்களிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் ஆய்வுக்கான இடங்கள் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. இப்போதும் அந்த எண்ணம் பெரிதாக மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. நோயாளியை அன்றாடம் காணும் மருத்துவரிடம்தான் நோயைப் பற்றிய மெய்யான கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வியைத் துரத்திச் செல்ல அவருக்குச் சிறிது நேரமும் சிறிது பணமும் ஓர் உதவியாளரும் தேவை. சம்புநாத்துக்கு முதல் படி ஏறும் அளவுக்கே அவை கிடைத்தன.

காலரா பழங்கதையும் அன்று. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியதால் பொது சுகாதார நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒன்றையொன்று தொடும் இடமெல்லாம் அந்தக் கிருமிக்கு வாசல்தான்.

கண்டறிந்த உண்மையைக் காக்கும் பொறுப்பும் நமக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி ஒரு லிட்டர் கரைசலில் இருக்க வேண்டிய குளுகோஸ் 13.5 கிராம் மட்டுமே. அளவுக்கு மீறிச் சர்க்கரை சேர்ந்தால், குடலில் கரைசலின் அடர்த்தி மிகுந்து, உள்ளே செல்ல வேண்டிய நீர் வெளியே இழுக்கப்படும். வயிற்றுப்போக்கு மேலும் பெருகும். இதை அறியாத பெற்றோரிடம் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. குழந்தை மருத்துவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின், 2025 அக்டோபரில்தான் அத்தகைய பானங்கள் அந்தப் பெயரைத் தாங்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. செல் சவ்வின் கணக்கு விளம்பரத்துக்கு வளைந்துகொடுப்பதில்லை.

வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்படும்போது ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டுகிறோம். உப்பும் சர்க்கரையும் இணைந்து ஒரு வாயிலில் நுழைய, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. குழந்தை கண் விழிக்கிறது. கொல்கத்தாவில் நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் இடையே நேரம் ஒதுக்கி, முயலின் குடலில் நூல் கட்டிக் காத்திருந்த ஒரு பேராசிரியரை அந்த நேரத்தில் எவரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். அவரைப் போன்ற இன்னொருவர் இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் கேட்பாரற்றுக் காத்திருக்கக்கூடும். அவருக்கு உரிய காலத்தில் கைகொடுப்பதே சம்புநாத் டேக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றியாகும்.